ஏரி நிரம்பினால் போதுமா? மடையைப் பாருங்கள்!

ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரம். பொழுது இன்னும் விடியவில்லை. அதற்குள் சரவணப் பொய்கையில் கூட்டம் நிரம்பிவிட்டது.

தோளிலே பூக்காவடி. வாயிலே "அரோகரா" கோஷம். இடுப்பிலே குழந்தை. கையிலே மூட்டை. ரெயிலில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், நடந்தே வந்தவர்கள் எல்லோரும் 365 படிகளை நோக்கி நகர்கிறார்கள்.

லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் திருவிழா இது. எல்லோரும் ஒரே சந்நிதிக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு கூட்டம் வந்தால் என்ன ஏற்பாடு செய்யலாம்? உடனே எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "இன்னும் நிறைய பஸ் விடு! இன்னும் நிறைய போலீஸ் போடு! இன்னும் நிறைய தண்ணீர்ப் பந்தல் வை!"

இந்தப் பதிலில் தவறு இல்லை. ஆனால் இது பாதிப் பதில்தான்.

மீதிப் பாதியை அந்த வட்டாரத்து விவசாயி அறிவார். ஏரி நிரம்பித் தளும்பலாம். வயல் காய்ந்து கிடக்கலாம். இடையிலே இருப்பது மடை. மடை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வயலுக்குத் தண்ணீர். மடை அடைத்துக் கிடந்தால், ஏரியில் இன்னும் ஓர் அடி தண்ணீர் ஏறி என்ன பயன்?

மனிதர் கூடும் இடங்களும் இப்படித்தான். எங்கே மடை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் பணத்தைச் செலவு செய்ய வேண்டும். அப்படிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அதற்குச் "செயல்முறை ஆராய்ச்சி" என்று பெயர். ஆங்கிலத்தில் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்பார்கள்.

இட்லிக் கொப்பரைக் கணக்கு

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கல்யாண வீட்டுச் சமையல்காரருக்குத் தெரிந்த கணக்குதான் இது.

கல்யாணத்துக்கு 400 பேர் வருகிறார்கள். ஆளுக்கு 3 இட்லி என்றால் 1,200 இட்லி வேண்டும். மாவு அரைக்கக் கிரைண்டர் நான்கு இருக்கிறது. ஆனால் கொப்பரை ஒன்றுதான். ஓர் ஈடுக்கு 50 இட்லி. ஓர் ஈடு வேக 15 நிமிடம். மணிக்கு 200 இட்லிதான் வரும். 1,200 இட்லிக்கு 6 மணி நேரம்!

"நேரமாகிறது, இன்னொரு கிரைண்டர் வாங்கு" என்று கல்யாண வீட்டுக்காரர் கத்தினால் என்ன ஆகும்? ஒரு நிமிடம்கூடக் குறையாது. இரண்டாவது கொப்பரையை அடுப்பில் ஏற்றினால் 3 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இங்கே மடை எது? கிரைண்டர் அல்ல, கொப்பரை. தொழிற்சாலைகளில் நிபுணர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தேடுவதும் இந்தக் கொப்பரையைத்தான்.

இந்தச் சாஸ்திரம் பெரிதாக வளர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்தின்போது. பிரிட்டனில் பாட்ரிக் பிளாக்கெட் போன்ற விஞ்ஞானிகள், இருக்கிற விமானங்களையும் கப்பல்களையும் எப்படி நன்றாகப் பயன்படுத்துவது என்று கணக்குப் போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு அதே கணக்கு ஆலைகளுக்கு வந்தது. இந்தியாவில் 1957-ம் ஆண்டு இதற்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

யுத்தத்துக்கும் ஆலைக்கும் பயன்பட்ட கணக்கு நோயாளிக்கும் பயன்படுமா? பயன்படும். அதைச் செய்து காட்டியது தமிழ்நாடுதான்.

மதுரையில் நடந்த அதிசயம்

1976-ம் ஆண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். மூட்டுவாதத்தால் அவருடைய கை விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்தக் கையோடு அவர் மதுரையில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் ஏராளம். கண் டாக்டர்களோ கொஞ்சம். இன்னும் பல டாக்டர்கள் படித்து வரும்வரை காத்திருக்க முடியுமா?

அரவிந்தில் மடையைத் தேடினார்கள். டாக்டரின் நேரம்தான் மடை என்று தெரிந்தது. ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் முடிந்ததும், அவரை எழுப்பி அனுப்பி, அடுத்தவரைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்யும்வரை டாக்டர் சும்மா நிற்க வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே, அடுத்த மேஜையில் இன்னொருவரைத் தயார் செய்து வைப்பார்கள். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அப்படியே அடுத்த மேஜைக்குத் திரும்புவார். தயார் செய்யும் வேலைக்குக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

அதோடு வேலை முடியவில்லை. ஒரு மடையைத் திறந்தால் அடுத்த மடை தெரியும்! கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஏழைக்கு எட்டாத விலை. 1992-ம் ஆண்டு மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஆரம்பித்து, லென்சைத் தாங்களே செய்தார்கள். விலை மளமளவென்று இறங்கியது.

பணம் கொடுக்க முடிந்தவர் கொடுத்தார். முடியாதவருக்கு இலவசம். இருவருக்கும் பார்வை கிடைத்தது. 11 படுக்கையில் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று உலகத்தின் மிகப் பெரிய கண் சிகிச்சை நிலையங்களில் ஒன்று.

படுக்கை இல்லை, அதனால் என்ன?

மதுரைக்கு முன்பே சென்னையில் இன்னொரு பெரிய பாடம் கிடைத்திருந்தது.

1950-களில் காசநோய் என்றால் ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகக் கொஞ்சம். எல்லோருக்கும் படுக்கை போட எந்தச் சர்க்காரிடம் பணம் இருக்கிறது?

1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அங்குள்ள டாக்டர்கள் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். "படுக்கை அவசியம்தானா?"

193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து. ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் தங்கினார்கள். அவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. மற்றப் பிரிவினர் தங்கள் சின்ன வீடுகளிலேயே தங்கி மருந்து சாப்பிட்டார்கள்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம் அடைந்திருந்தார்கள். அவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று விளங்கியது. உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறியது.

படுக்கைதான் மடை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது மடையே அல்ல!

மருந்து விஷயத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை மலைபோல் கிடக்கும், காலாவதியாகும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அதே மாத்திரை இருக்காது. இதைச் சரி செய்வதற்காக 1994-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் மருந்து வாங்கினார்கள். மாவட்டங்களில் கிடங்கு வைத்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக் கணக்குப் போல ஒரு பாஸ் புத்தகம் கொடுத்தார்கள். வேண்டிய மருந்தை வேண்டியபோது எடுக்கலாம். எடுத்தது கணக்கில் ஏறும். எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்பது கம்ப்யூட்டரில் தெரியும். பிறகு மற்ற மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றின.

"சும்மா இருப்பது" வீணா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆலைக்கணக்கை அப்படியே ஆஸ்பத்திரிக்குப் பொருத்தினால் ஆபத்து உண்டு.

ஆலை முதலாளிக்கு, சும்மா நிற்கும் யந்திரம் நஷ்டம். எல்லா யந்திரமும் எப்போதும் ஓட வேண்டும் என்று அவர் விரும்புவார். அதே ஆசை ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரு வரிசைக் கணக்கு இருக்கிறது. டென்மார்க் தேசத்து எர்லாங் என்பவர் 1909-ல், டெலிபோன் அழைப்புகளை ஆராய்ந்தபோது இந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டார்.

ஒரு டாக்டர் இருக்கிறார். ஒரு நோயாளிக்குச் சராசரி 5 நிமிடம் செலவாகிறது. அதாவது மணிக்கு 12 பேரைப் பார்க்கலாம். நோயாளிகள் சொல்லிவைத்து வருவதில்லை. முன்னும் பின்னுமாகத்தான் வருவார்கள். சிலருக்கு 2 நிமிடம் போதும்; சிலருக்கு 10 நிமிடமும் ஆகும்.

மணிக்குச் சராசரி 6 பேர் வந்தால், ஒருவர் காத்திருக்கும் நேரம் சராசரி 5 நிமிடம்.

9 பேர் வந்தால் 15 நிமிடம்.

11 பேர் வந்தால்? 20 நிமிடம் என்று பலரும் நினைப்பார்கள். இல்லை, 55 நிமிடம்!

12 பேர் வந்தால் வரிசைக்கு முடிவே கிடையாது. நேரம் ஆக ஆக நீண்டுகொண்டே போகும்.

டாக்டர் கொஞ்சமும் சும்மா இராமல் வேலை செய்கிறார் என்று கணக்கு அதிகாரி சந்தோஷப்படலாம். ஆனால் வரிசையில் மயங்கி விழுகிறவர் சந்தோஷப்பட மாட்டார். ஆகவே ஆபத்துக் காலத்துக்கென்று கொஞ்சம் இடம், கொஞ்சம் ஆள், கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கத்தான் வேண்டும். தீயணைக்கும் வண்டி வருஷத்தில் பல நாள் ஷெட்டில் நிற்கிறது. அதை வீண் என்று யாராவது சொல்வார்களா? ஆலையில் மிச்சம் நஷ்டம். ஆபத்தில் மிச்சம் உயிர்!

கொரோனா சொன்ன பாடம்

இந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது.

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? நான்கு நாளைக்கு வேண்டிய காய்கறியை வாங்க, முந்தின நாள் ஒரே நேரத்தில் கடைகளுக்கு ஓடினார்கள். கூட்டம் குறைய வேண்டிய நேரத்தில் நெரிசல் கூடியது. சில நாட்களுக்குள் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியது தெரிந்தது. மார்க்கெட்டை மூடினார்கள். மே மாதத்தில் காய்கறி மொத்த வியாபாரம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது.

வாங்க வேண்டிய ஆட்கள் அதே ஆட்கள். நேரம் மட்டும் சுருங்கிவிட்டது. அதே தண்ணீரைச் சின்ன மடையில் விட்டால் கரை உடையாதா?

அடுத்த ஆண்டு, 2021-ல், ஆக்ஸிஜனுக்காக நாடே தவித்தது. கிழக்கே இரும்பாலைகளில் ஆக்ஸிஜன் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருந்தது. அதை ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவர டாங்கர்கள் போதவில்லை. ரெயில்கள் ஓடிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் தணிந்தது. அந்த மே மாதத்தில் துர்காப்பூரிலிருந்து ஆக்ஸிஜன் ரெயில் சென்னைத் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. ஏரியில் தண்ணீர் இருந்தது. மடைதான் போதவில்லை.

மறுபடியும் திருத்தணிக்கு

கொரோனா சொல்லாமல் வந்தது. ஆடிக் கிருத்திகையோ சொல்லிவிட்டு வருகிறது! பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தேதி தெரியும். டிசம்பர் 31-ம் தேதி படித் திருவிழாவும் அப்படியே. நாள் தெரிந்த கூட்டத்துக்குத் தயாராக முடியாவிட்டால், நாள் தெரியாத நோய்க்கு எப்படித் தயாராவது?

ஆகவே திருத்தணித் திருவிழா ஒரு நல்ல பயிற்சிக்களம். திருவிழாவுக்கு முன்பு கோயில் நிர்வாகமும் நகராட்சியும் சுகாதாரத் துறையும் போலீசாரும் ரெயில்வேயும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சில கேள்விகளுக்கு எண்ணில் பதில் எழுத வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் படி ஏறுகிறார்கள்? எத்தனை பேர் தரிசனம் செய்து வெளியே வருகிறார்கள்? ஏறுகிறவர் எண்ணிக்கை வெளியே வருகிறவர் எண்ணிக்கையைத் தாண்டினால், இடையிலே கூட்டம் தேங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கீழேயே நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்க வேண்டும். மேலே போய் நெருக்கிய பிறகு விசில் ஊதிப் பயன் இல்லை.

மயங்கி விழுந்தவரை எந்த வழியாகக் கீழே கொண்டுவருவது? ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றால் போதாது. அது வெளியேறும் பாதை காலியாக இருக்கிறதா? எத்தனை நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்? திருவிழாவுக்கு முன் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குடிதண்ணீர்த் தொட்டியில் குளோரின் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? எத்தனை மணிக்கு ஒரு தடவை? அந்தக் காலத்தில் திருவிழா என்றால் வாந்திபேதியும் கூடவே வரும் என்று பயந்தார்கள். இன்று உப்பு சர்க்கரைக் கரைசல் இருக்கிறது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். கரைசலை ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். டாக்டர் கை போதாத இடத்தில் தாயின் கை உதவியது!

இன்னொரு விஷயம். திருத்தணி எல்லையூர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. இன்றும் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு பேசும் பக்தர்கள் திரளாக வருகிறார்கள். எல்லைக் கோடு மனிதர் போட்டது. காய்ச்சலுக்கு அது தெரியாது. திருவிழா முடிந்த வாரத்தில் எந்த ஊரில் வயிற்றுப்போக்கு கூடியது என்று இரண்டு மாநிலச் சுகாதார அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளும் ஒலிபெருக்கி அறிவிப்பும் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும்.

பக்தரை எண்ணலாமா?

"சாமி கும்பிட வருகிறவரை மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணுவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் பத்துக் குழந்தைகளைத் திருவிழாவுக்கு அழைத்துப் போகும் பாட்டி என்ன செய்கிறாள்? பஸ் ஏறும்போது எண்ணுகிறாள். இறங்கும்போது எண்ணுகிறாள். குளக்கரையில் எண்ணுகிறாள். குழந்தைகள்மேல் அன்பு இல்லாமலா எண்ணுகிறாள்? அன்பு இருப்பதால்தான் எண்ணுகிறாள்!

குடும்பங்களும் இந்தக் கணக்கில் பங்கு கொள்ளலாம். குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு வைக்கலாம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்னதாகவே சொல்லி வைக்கலாம். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் கூட்டம் குறைந்த வேறொரு நாளில் அழைத்துப் போகலாம். முருகன் அன்றைக்கும் மலைமேல்தான் இருக்கிறான்.

ஒவ்வொரு திருவிழா முடிந்ததும், எங்கே தேங்கியது, எப்போது தேங்கியது, எத்தனை பேருக்கு மயக்கம், எத்தனை நிமிடத்தில் உதவி போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஏற்பாட்டுக் கூட்டத்தில் முதலில் அந்த நோட்டைத்தான் திறக்க வேண்டும். அதிகாரிகள் மாறலாம். நோட்டு மாறாது.

இதற்குக் கோடி ரூபாய் தேவை இல்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கடிகாரம் போதும். அடுத்த ஆடிக் கிருத்திகை என்றைக்கு என்பது காலண்டரில் அச்சாகியிருக்கிறது. எண்ண வேண்டியவர்கள் இன்றைக்கே எண்ணத் தொடங்கட்டும்!